சீக்குக் கோழியும் ஒரு படி உப்பும்

எப்போதும்வென்றான்,
ஜனவரி 4, 2024

அன்புத் தங்கை ஜீனாவுக்கு,

சேசுவுக்கே புகழ். உறை மேல் சகோதரி பெர்னதெத் என்று மடத்துப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே உன்னை ஜீனா என்று கூப்பிட்டால் மதர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன். கடிதத்தை முதலில் படிப்பவர் அவர் அல்லவா, அவருக்கும் என் வணக்கம்.

நானும் உன் அத்தானும் சுகம். டிசம்பர் மழையில் கரிசல் முழுக்கக் கொழகொழவென்று கிடக்கிறது. கால் வைத்தால் செருப்பு திரும்பி வராது. உளுந்து நின்ற வாக்கில் அழுகிவிட்டது. உன் அத்தான் மணியாச்சியில் தண்டவாளம் சரிபார்க்கப் போனவர், வெகு நாள் கழித்துத்தான் வீடு வந்தார். புதியம்புத்தூரிலிருந்து தைப்பதற்கு வந்த பாவாடைத் துணியும் நனைந்துபோயிற்று.

மழை விட்டதும் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் கண்டது. எல்லாம் போய்விட்டன, சாம்பலியைத் தவிர. போன வருஷம் அம்மா அடக்கத்துக்கு நீ வந்திருந்தபோது, அம்மாவின் கோழிக்கு அடை வைத்துவிட்டு, பொரிக்கும் முன்பே திரும்பிப் போனாயே, அந்த ஈட்டில் வந்தவள் இவள். சாம்பல் நிறம். கழிச்சல் நின்றுவிட்டது, ஆனால் கழுத்து திருகிக்கொண்டு தலை வானத்தைப் பார்க்கிறது. முன்னால் நடக்க நினைத்தால் பின்னால் போகிறாள். அத்தான், "ஏட்டி, கண்ண மூடுததுக்குள்ள கொழம்பு வச்சிரு" என்று கேலி செய்கிறார்.

ஆகஸ்ட் பதினைந்தில், ஆயுளுக்கும் மடத்துக்கே என்று நீ கொடுக்கப்போகும் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு மதர் அச்சடித்து அனுப்பிய அட்டை வந்தது. சந்தோஷம். அதை அம்மா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
கிருபா


மலை மடம்,
ஜனவரி 19

அன்பு அக்காவுக்கு,

இறைவனின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். நான் நலம். அத்தானின் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

இங்கே பகலிலும் மூடுபனி. துணி காயும் கொடி தெரிவதில்லை, துணி மட்டும் தெரிகிறது. இப்போது எனக்கு அப்பம் சுடும் அறையில் வேலை. கோயில்களுக்குப் போகிற நற்கருணை அப்பம் இங்கிருந்துதான் போகிறது. மாவைத் தகட்டில் ஊற்றி மூடி, ஆவி அடங்கியதும் திறக்க வேண்டும். இந்த வாரம் அடிக்கடி கருக்கிவிட்டேன். எதை யோசித்துக்கொண்டு நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சாம்பலி என் கனவில் வந்தாள். மடத்து வராந்தாவில் வானத்தைப் பார்த்தபடி நடந்து வந்தாள். நடந்த இடமெல்லாம் கரிசல் மண் ஒட்டியிருந்தது. சகோதரிகள் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள். நான் மட்டும் துடைப்பத்தை வைத்துக்கொண்டு, துடைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

உன் கடிதத்தைக் கையில் தரும்போது மதர் சிரித்தார். அவருக்கு வள்ளியூர்ப் பக்கம். "கோழிக்கு மஞ்சளும் சீரகமும் அரச்சுக் குடுத்தாளான்னு உங்க அக்காட்ட கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

வார்த்தைப்பாட்டைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய்.

அன்புடன்,
சகோ. பெர்னதெத்


எப்போதும்வென்றான்,
பிப்ரவரி 3

அன்புள்ள ஜீனா,

ஆண்டவர் உனக்குத் துணை. இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு மூட்டு வலி பரவாயில்லை, வாய்தான் ஓயவில்லை.

மஞ்சளும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்து, மிளகளவு உருட்டிக் கொடுக்கிறேன் என்று மதரிடம் சொல். கால்நடை டாக்டர், "இதுக்கு மருந்துன்னு ஒண்ணும் இல்லம்மா, பொறுமையா ஊட்டுனா தேறும்" என்றார். பாவாடை வெட்டிய துணியில் சும்மாடு சுருட்டி, அதன் நடுவில் அவள் தலையைத் தாங்க வைத்திருக்கிறேன். கம்மங்கூழை நீர்க்கக் கரைத்து மை ஊற்றும் ஃபில்லரில் விடுகிறேன். விழுங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பார்க்கிறேன். மிஷின் நின்றால் தலை ஆடுகிறது, ஓடினால் அடங்குகிறது. அதனால் துணி இல்லாதபோதும் சும்மா மிதிக்கிறேன். அத்தான் பார்த்துவிட்டு, மிஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் அக்கா வந்து பார்த்தாள். "கழுத்து திருகிட்டுன்னா மருந்து மட்டும் கேக்காது கிருபா. சாமிக்கு நேந்து விடு. எங்க சாமியோ உங்க சாமியோ, பேரச் சொல்லி விடு" என்றாள். பிழைத்தால் உனக்கே என்று அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டேன். நேர்ச்சைக் கோழிக்கு அடையாளமாக, காலில் ஒரு நகத்தின் நுனியையும் கிள்ளிவிட்டேன். இனி இவளை விற்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. திருநாளில் கோயிலில் கொண்டுபோய் விட வேண்டும், அங்கே ஏலம் போடுவார்கள். அத்தானின் குழம்பு ஆசைக்கு அதோடு முடிவு.

நகத்தைக் கிள்ளும்போது உன் ஞாபகம் வந்தது. உன்னைப் பீடத்தில் கிடத்தியபோது நீ அழவே இல்லை.

உன் அக்கா,
கிருபா


மலை மடம்,
பிப்ரவரி 12

அன்பு அக்காவுக்கு,

சமாதானம். உடம்பு நலம். நாளை மறுநாள் சாம்பல் புதன். இனி ஈஸ்டர் வரை இங்கே கடிதம் எழுதவும் கூடாது, வருகிற கடிதங்களும் கைக்கு வராது. அதனால் இதை அவசரமாக எழுதுகிறேன்.

கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு ஜன்னி கண்டு, அம்மா என்னை அந்தோனியாருக்கு விற்றாள் என்று தெரியும். ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆலங்கட்டி பொறுக்க ஓடினால்கூட, "அந்தோனியாருக்குக் குடுத்த பிள்ள, பாத்து ஓடு" என்பார்கள். ஆனால் விற்ற பிள்ளையை மறுதிருநாளில் உப்பும் மிளகும் கொடுத்துத் திரும்ப வாங்குவதுதானே வழக்கம்? கிழக்குத் தெரு ஜெபிஷாவை அப்படி வாங்கி, இடுப்பில் வைத்துக் கோயிலைச் சுற்றி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

என்னை அம்மா திரும்ப வாங்கினாளா அக்கா?

இதை மதர் படிப்பார். படிக்கட்டும்.

அன்புடன்,
சகோ. பெர்னதெத்


எப்போதும்வென்றான்,
மார்ச் 9

அன்புள்ள ஜீனா,

தவக்காலத்தில் இது உன் கைக்கு வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். மதரின் மேசையில் ஈஸ்டர் வரை தூங்கட்டும். சுகம்தானே? நாங்கள் சுகம்.

சாம்பலி கொஞ்சம் தேறிவிட்டாள். தலை போன வாரம் வானத்தை விட்டு இறங்கி வேப்ப மரத்து உச்சிக்கு வந்தது. நேற்று அது இன்னும் இறங்கி ஓட்டு முகட்டில் நின்றது. இப்படியே போனால் பங்குனி முடிவதற்குள் தரையைப் பார்ப்பாள். அத்தான் மடியில் ஒரு கைப்பிடி கம்பு கொண்டுவந்து, நான் பார்க்காத நேரமாகப் போடுகிறார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மழைக்குப் பின் கொத்தமல்லி விதைத்தவர்கள் பிழைத்தார்கள். காடு முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. நடுப்பகலில் காற்றடித்தால் வீட்டுக்குள் வரை மணக்கிறது. அந்த மணத்தில் சாம்பலி தூங்குகிறாள், நானும் மிஷின் மேலேயே தூங்கிவிடுகிறேன். நேற்று விழித்துப் பார்த்தபோது அம்மா வாசலில் மல்லி புடைத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பார்த்தால் பெத்தம்மாள் அக்கா.

வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா,
கிருபா


மலை மடம்,
ஏப்ரல் 5

அன்பு அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்களோடு. அத்தானுக்கும் என் பாஸ்கா வாழ்த்து. இந்தத் தவக்காலத்தில் எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை.

சாம்பலி ஓட்டு முகட்டைப் பார்க்கிறாள் என்று படித்ததும் சிரித்தேன். மதரும் அதைப் படித்துச் சிரித்ததாகச் சொன்னார். ஆனால் நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. மல்லிப் பூவும் அம்மாவும் இருக்கிறார்கள், பதில் இல்லை.

சரி, கோழியைப் பற்றியே கேட்கிறேன். நேர்ந்து விட்ட கோழிக்குத் தான் நேர்ந்து விடப்பட்டது தெரியுமா? தெரியாமல் அது கோயில் முற்றத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தால், அந்த இடம் பிடித்து மேய்கிறது என்று சொல்லலாமா?

எனக்கு இந்த இடம் பிடிக்கிறது அக்கா. பனியும், மாவு வேகிற வாசனையும், சகோதரிகள் பாட ஆரம்பிக்கும் முன் இழுக்கிற மூச்சும் பிடிக்கிறது. ஆனால் ஆகஸ்டில் "நான் விரும்பி வந்தேன்" என்று என் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தேன். யாரோ சொல்வது போல இருக்கிறது.

அன்புடன்,
சகோ. பெர்னதெத்


எப்போதும்வென்றான்,
மே 2

என் தங்கமே ஜீனா,

உனக்குக் காய்ச்சல் என்று படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. கஷாயம் குடித்தாயா? இனி மறைக்காதே, நானும் மறைக்கவில்லை.

அம்மா உன்னைத் திரும்ப வாங்கவில்லை.

முதல் வருஷம் திருநாளுக்கு முன்பே அப்பா இறந்துபோனார். துக்க வருஷத்தில் கோயிலில் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருஷம் அம்மா உப்பும் மிளகும் எடுத்து வைத்தாள். உனக்குப் புதுச் சட்டையும் போட்டாள். கோயில் வாசல் வரை உன்னைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். படியில் கால் வைக்கும்போது அம்மா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "வேண்டாம்ட்டி. அவருட்ட இருக்கப் போயித்தான் பிள்ளைக்கு ஜன்னி வரல. வாங்கிட்டம்னா சீக்கும் கூட வந்துரும்" என்றாள். ஒவ்வொரு வருஷமும் உப்பை எடுத்து வைப்பாள். ஒவ்வொரு வருஷமும் அந்த உப்பு குழம்புக்குத்தான் போகும்.

நீ மடத்துக்குப் போகிறேன் என்றபோது ஊரில் யாருக்கும் ஆச்சரியமே இல்லை. அம்மாவே உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. பிள்ளை இல்லாத வீடு இது. பகலில் மிஷின் சத்தம் நின்றால் சுவர்கள் பெரிதாகத் தெரிகின்றன. இதையும் மதர் படிக்கட்டும்.

சாம்பலி இப்போது நேராகப் பார்க்கிறாள். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் பழைய ஞாபகத்தில் தலை ஒரு தடவை மேலே போய் வருகிறது.

உன் அக்கா,
கிருபா


மலை மடம்,
மே 23

அக்கா,

நலமா? நான் நலம். கஷாயம் குடித்தேன்.

மதர் உன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒட்டியபடியே கொடுத்தார். கொடுக்கும்போது, "கோழிக்கு ஏலம் என்னைக்கி?" என்று மட்டும் கேட்டார். திருநாளன்று, ஜூன் பதிமூன்று என்றேன். "நேந்தவங்களே ஏலத்துல எடுக்கலாம்லா?" என்றார். எடுக்கலாம் என்றேன்.

அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. அப்பம் கருகுவது நின்றுவிட்டது.

அன்புடன்,
ஜீனா


எப்போதும்வென்றான்,
ஜூன் 16

அன்புள்ள ஜீனா,

அந்தோனியார் உன்னைக் காக்கட்டும். திருநாள் முடிந்தது, அலுப்பு இன்னும் போகவில்லை. மற்றபடி சுகம்.

சாம்பலியைக் குளிப்பாட்டிக் கொண்டுபோனேன். ஏலத்தில் கோவில்பட்டியில் ஓட்டல் வைத்திருக்கும் சௌந்தரபாண்டியன் விடாமல் கேட்டார். நாட்டுக்கோழி என்றால் அவருக்குக் கண் தெரியாது. விலை என் கைக்காசைத் தாண்டிவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல் ஏற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் உன் அத்தான். தூக்கிய கையைக் கடைசி வரை இறக்கவில்லை. "அண்ணாச்சி, அந்தக் கோழிக்கு அந்த வெல கூடாது" என்று சௌந்தரபாண்டியன் சொல்ல, இவர், "அது எங்க வீட்டு ஆளு" என்றார். என்ன விலை என்று எழுதினால் மதர் சிரிப்பார்.

பிறகு நான் கோயிலுக்குள் போனேன். முந்தானையில் ஒரு படி உப்பும் ஒரு கைப்பிடி மிளகும் இருந்தன. உபதேசியார் யோவானிடம், ஒரு பிள்ளையைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன்.

"பிள்ள எங்கம்மா?"

"மலையில இருக்கா."

"பிள்ள இல்லாம எப்படிம்மா குடுக்கது? இடுப்புல வச்சுச் சுத்தி வரணும்லா."

என் இடுப்பில் சாம்பலிதான் இருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மா அன்றைக்கு வாசல் வரை வந்து திரும்பியது அவருக்கும் தெரிந்திருக்கும். "சரி, உப்பக் குடுங்க" என்றார். பீடத்தில் உப்பைக் கொட்டி, மிளகை மேலே வைத்து, உன் ஞானஸ்நானப் பெயரை உரக்கச் சொன்னார். நான் கோழியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தேன். ஊரே பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை. பெத்தம்மாள் அக்கா என் பின்னாலேயே நடந்து வந்தாள்.

இனி நீ யாருக்கும் கொடுத்த பிள்ளை இல்லை ஜீனா. வருவதென்றால் வா. அங்கேயே இருப்பதென்றால் நீயாக இரு. சீக்கு திரும்ப வரும் என்று அம்மா பயந்தாள். வந்தால் வரட்டும். கழுத்து திருகிய கோழிக்கு ஊட்டிப் பழகிய கை என்னிடம் இருக்கிறது.

உன் அக்கா,
கிருபா


எப்போதும்வென்றான்,
ஜூலை 14

அன்புள்ள ஜீனா,

சுகமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் கொம்பையா நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. எதை எழுதினாலும் தாளில் புழுதி விழுகிறது.

சாம்பலி அடை உட்கார்ந்திருக்கிறாள். பின் அறையில் உன் கட்டிலைப் போட்டு வைத்தேன், அதன் அடியில்தான் உட்காருவேன் என்று அடம். நானும் விட்டுவிட்டேன்.

எழுதத் தோன்றும்போது எழுது.

உன் அக்கா,
கிருபா


மலை மடம்,
ஜூலை 27

என் அக்காவுக்கு,

எல்லாச் சமாதானமும் உனக்கு. இத்தனை நாள் எழுதாததற்கு வருந்தாதே.

உன் திருநாள் கடிதம் வந்த வாரமே மதரிடம் போய், நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "போ மக்கா. இந்தப் பூட்டு வெளிய இருக்கவியளுக்குத்தான், உனக்கில்ல" என்று கதவைத் தானே திறந்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவு எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பனி இறங்கியிருந்தது. சாலை தெரியவில்லை, மடமும் தெரியவில்லை. நான் இருந்த பெஞ்சு மட்டும்தான் தெரிந்தது. என்னை விற்றவள் உயிரோடு இல்லை, வாங்கியவள் தூரத்தில் இருக்கிறாள், நான் யாருடையவளும் இல்லை என்று நினைத்தேன். முதலில் பயமாக இருந்தது. பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கரிசல் வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்ப்போமே, உள்ளே குளிர்ச்சியாக இருக்குமே, அந்த மாதிரி இருந்தது. ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர், "வாரீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன். வரவில்லை என்று சொன்னேன். பஸ் போய்விட்டது. சத்தம் அடங்கும் வரை உட்கார்ந்திருந்தேன், யாரும் என்னைத் தேடி வரவில்லை.

பிறகு எழுந்து போய் மடத்துக் கதவைத் தட்டினேன். அன்றைக்கு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தட்டிய கதவு அது. இந்த முறை நானே தட்டினேன் அக்கா.

நீ கட்டில் போட்டிருப்பதைப் பிறகுதான் படித்தேன். படித்துவிட்டு அழுதேன். நீ என்னை வாங்காமல் இருந்திருந்தால் இங்கே நான் இருந்திருப்பேனே தவிர, வந்திருக்கமாட்டேன்.

ஆகஸ்ட் பதினைந்துக்கு நீயும் அத்தானும் வர வேண்டும். சாம்பலிக்குக் குஞ்சு பொரித்தால் ஒன்று வேண்டும் என்று மதர் கேட்கிறார். அப்பம் வெட்டிய ஓரத் துண்டுகள் இங்கே நிறைய மிஞ்சுகின்றன.

உன்,
ஜீனா


எப்போதும்வென்றான்,
ஆகஸ்ட் 5

அன்புள்ள ஜீனா,

ஆண்டவருக்கு நன்றி. நாங்கள் சுகம்.

நான் மிஷினில் இருந்ததால் உன் கடிதத்தை அத்தான்தான் வாசித்துக் காட்டினார். கண்டக்டர் வரைக்கும் வாசித்துவிட்டு, "வரல போல" என்று நிறுத்தினார். நீ வந்துவிடுவாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அழுதேன், நன்றாகவே அழுதேன். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். பிறகு அவரிடமிருந்து தாளை வாங்கி, நீயே கதவைத் தட்டினாய் என்ற இடத்தை நானே வாசித்தேன். திரும்பத் திரும்ப வாசித்தேன். அம்மா படத்துக்கு முன்னால் நின்றும் ஒரு தடவை வாசித்தேன்.

பதினான்காம் தேதி புறப்படுகிறோம். சாம்பலி நேற்றுக் குஞ்சு பொரித்தாள். தாயை விட்டுப் பிரிக்கிற வயசு இல்லை, அதனால் எல்லோரையும் ஒரே கூடையில் கொண்டுவருகிறேன். அங்கே வந்து கூடையைத் திறந்துவிடுவோம். மலையில் இருக்கிறாளா, என்னோடு கரிசலுக்குத் திரும்புகிறாளா என்பது அவள் பாடு.

இன்று கூடைக்குள் வைத்துப் பார்ப்பதற்காக அவளைத் தூக்கினேன். கிள்ளிவிட்ட நகம் ஞாபகம் வந்து, காலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். முளைத்து நிறைந்துவிட்டது. அத்தானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். நேர்ந்து விட்டது எந்தக் கால் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

உன் அக்கா,
கிருபா